மாப்பிள்ளை அழைப்பில் பிடிக்காத பிரேக்

கண்ணா, முதலில் உட்கார். ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் போனுமாக, நின்றுகொண்டே மேய்கிற சமாச்சாரம் இல்லை இது. உன் அம்மா கைப்பட எழுதியிருக்கிறாள். பள்ளிக்கூடப் பரீட்சையில் ‘விடுப்பு வேண்டி’ எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். போனில் சொல்லலாம் என்றால் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. நேரில் சொல்லலாம் என்றால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும், அதுவும் தப்பு என்னுடையதாக இருக்கும்போதுதான் அதிகமாக வரும். அதனால் எழுதி, பருப்புப் பொடி டப்பாவோடு உன் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை நன்றாக ஒட்டித்தான் இருக்கிறேன். அப்படியும் அவர் டீக்கடைப் பாய்லர் ஆவியில் காட்டிப் பிரித்திருந்தால், ஏங்க, பரவாயில்லை, உங்களுக்கும் இது தெரியாது, படித்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாங்காட்டில் உன் மகளுக்கு மொட்டை அடித்துக் காது குத்தப் போகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனை வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்து, அவன் வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். இது உனக்குத் தெரியாததா? தெரிந்தும், நந்தினியின் அண்ணன் ஏழுமலைக்கு நீ வாட்ஸ்அப்பில் அழைப்பு அனுப்பியிருக்கிறாய். ஆபீஸ் சிநேகிதர்களுக்கு அனுப்பினாயே, முயல்குட்டி பொம்மை போட்ட கார்டு, அதே கார்டு. நந்தினி எனக்குப் போன் செய்தாள். “அண்ணன் வருவாரான்னே தெரில அத்தை. வந்தாலும் பின்னாடி நின்னு பாத்துட்டுப் போயிடுவாரு” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. “மடியில வெச்சுக்க எங்க சித்தப்பா இருக்காரு” என்று நீ அவளிடம் சொன்னாயாமே? அடேய்! சித்தப்பா மடிக்கும் மாமன் மடிக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளையையா நான் முகப்பேர் பிளாட்டில் குடிவைத்தேன்? பெற்ற பெண்ணுக்கு மாமன் உறவை அறுத்துவிடப் பார்க்கிறாய். அதற்குக் காரணம் உன் கல்யாணத்தில் நடந்த அந்த பிரேக் கூத்துதான் என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அதை மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். இன்று கக்கிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் கேள். மெஷின்காரி பிள்ளைதான், ஆனால் நீ அதைக் கவனித்ததே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷம் லேத்தில் நின்றேன். பிறகு திருமழிசையில் சொந்தமாக ஷெட் போட்டு, கார் பிரேக் டிஸ்க்குகளைச் சீவிச் சுத்தம் செய்து கொடுக்கிறேன். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற அந்த இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் வந்து கவ்வினால்தான் வண்டி நிற்கும். வேகக் கார் வைத்திருக்கிற பையன்கள் சனிக்கிழமையானால் என் ஷெட் வாசலில் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் வண்டி டிஸ்க் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிது, துளை போட்டு, கோடு போட்டு ஜம்மென்று இருக்கும். சூடேறிச் சூடேறி நீலம் பாய்ந்து வரும், பேட் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக வரும். அதைச் சீவுவது பெரிய வித்தை இல்லை. எவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் வித்தை, இதற்குக் கீழே போகாதே என்று தட்டின் மேலேயே ஓர் அளவு பொறித்திருக்கும். சீவியதும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிளீனர் அடித்து, வெள்ளைத் துணியால் துடைப்பேன். துணி கறுத்தால் மறுபடி கழுவ வேண்டும். துணி வெள்ளையாகவே வரும்வரை எந்த டிஸ்க்கும் என் ஷெட்டைத் தாண்டாது. விரல் பிசுக்குக்கூடப் படக்கூடாது என்று கையுறை போட்டுத்தான் தூக்குவேன். பிரேக்கில் எண்ணெய் படுவது கொலைக்குச் சமம் என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன் தெரியுமா?

உன்னையே விரட்டியிருக்கிறேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. சைக்கிளில் பிரேக் பிடித்தால் கிரீச் கிரீச்சென்று கத்துகிறது என்று ரிம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவினாய். சத்தம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. ஆவடியில் நம் தெருக்கோடியில் கீரை விற்கிற அம்மாவின் கூடைக்குள் தலைகுப்புறப் போய் விழுந்தாய். தலையில் முருங்கைக்கீரையோடு நீ வந்து நின்ற கோலத்தைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. துடைப்பக்கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு போட்டேன். “மெஷின்காரி புள்ள பிரேக்குல எண்ணெய் தடவுவானாடா? அறிவு இருக்குதா? அம்மா ராவும் பகலும் இன்னா வேலை செய்யறான்னு தெரிமா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன். “இனிமே சத்தியமா தடவ மாட்டேம்மா” என்று விசும்பினாய். அந்தச் சத்தியத்தை நீ காப்பாற்றிவிட்டாய். அடித்தவள் என்ன செய்தாள் என்று இனிமேல் பார்.

உன் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால் அந்தச் சிவப்புக் காரை வாங்கினாய். இன்னொருவர் ஓட்டிய கார்தான், ஆனால் உறுமினால் பக்கத்துத் தெரு நாய் எழுந்து நிற்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகை வண்டி வேண்டாம், இதில்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். நாலு டிஸ்க்கையும் கழற்றி நானே சீவினேன். இரண்டு நாள் வேறு வேலை எதுவும் எடுக்கவில்லை. கடைசியில் ஆசையாகக் கையாலேயே மணல்தாள் பிடித்து, மேல் பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்தேன். வெள்ளைத் துணி முதல் துடைப்பிலேயே வெள்ளையாக வந்தது. சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே அது பளபளவென்று தெரிந்தபோது நீ குனிந்து பார்த்து, “யம்மா, இன்னாம்மா இது, வெள்ளித்தட்டு மாரி கீது!” என்றாயே, அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பளபளப்பு உனக்காக மட்டும் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று உன் பெரியத்தை சபையில் வைத்து, “மருமவளுக்கு சமைக்கக் கத்துக் குடுப்பியா, இரும்பு ராவக் கத்துக் குடுப்பியா?” என்று கேட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் அது நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்த டிஸ்க்கை அவள் கண்ணெதிரே மின்ன வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வயதாகிவிட்டால் வீம்பு குறையும் என்று நினைக்காதே, அது வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாப்பிள்ளை அழைப்பன்று காலையிலிருந்து தூறல். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு நனைந்த ரோட்டில் நீதான் காரை ஓட்டி வந்து பிள்ளையார் கோயில் பக்கத்தில் நிறுத்தினாய். பூ அலங்காரம் எல்லாம் அங்கேதான் நடந்தது. நாலு மணிக்கு போட்டோ எடுக்கிற தம்பி வரப்போகிறார் என்று நான் போய்ப் பார்த்தால், நாலு டிஸ்க்கிலும் காவி நிறத்தில் துரு பூத்திருக்கிறது! புதிதாகச் சீவிய இரும்பு அப்படித்தான், ஈரம் பட்டால் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் பூத்துவிடும். இரண்டு தரம் பிரேக் மிதித்தால் தானாகப் போய்விடும், ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இதை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் போட்டோவில் காவி விழுமே, உன் பெரியத்தை பார்ப்பாளே! பட்டுப்புடவைப் பெட்டியோடு வேலைப் பையையும் கல்யாணத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்த மாமியார் இந்தத் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிளீனர் அடித்து நாரால் தேய்த்து, நாலு டிஸ்க்கையும் மறுபடி வெள்ளியாக்கினேன். மேலே தூறல் நிற்கவில்லை. போட்டோக்காரத் தம்பி வருவதற்குள் மறுபடி பூத்துவிடும். பைக்குள் கைவிட்டேன். ஷெட்டில் டிஸ்க்கை அலமாரியில் வைக்கும்போது துருப்பிடிக்காமல் தடவுகிற எண்ணெய் புட்டி அகப்பட்டது. போட்டோ முடிந்ததும் கழுவிவிடலாம், ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்தேன். தடவிவிட்டேன், கண்ணா. உன்னைத் துடைப்பக்கட்டையால் அடித்த அதே கையால் தடவினேன்.

போட்டோ எடுத்தார்கள். டிஸ்க் அப்படி மின்னியது. கிளீனர் டப்பாவை எடுக்க நான் டிக்கியைத் திறக்கிறேன், அதற்குள் மேக்கப் போடுகிற பெண் வந்து, “மாமி, உங்களுக்கு இன்னும் கொண்டையே போடல, அங்க எல்லாம் தேடறாங்க” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கொண்டை, பூ, நகை, யாரோ கொண்டுவந்து கொடுத்த காபி. சுத்தமாக மறந்துபோனேன். ஆறு மணிக்கு மேளம் கொட்ட ஆரம்பித்தது. ஏழுமலை உனக்கு மாலை போட்டு, மோதிரம் போட்டு, முறைப்படி உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அவனே காரை எடுத்தான். ஏழு வருஷமாக ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவன், ஒரு கீறல் கிடையாது. நான் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்து வருகிறேன், உன் பெரியத்தை என் பக்கத்தில். இரண்டு தெருதான், ஆமை வேகம்தான்.

அந்த மண்டபத்தை உனக்குத் தெரியும். ரோட்டின் மேல் ரோடு போட்டுப் போட்டு, ரோடு உயர்ந்து மண்டபம் பள்ளத்துக்குள் போய்விட்டது. வாசலுக்குச் சரிவில்தான் இறங்க வேண்டும். கார் சரிவில் மூக்கை நீட்டியது. பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறது. அவன் பிரேக்கை மிதித்துவிட்டான். வண்டி போய்க்கொண்டே இருக்கிறது! அத்தனை கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். எதிரே தவில்காரர், நாயனக்காரர், ஆரத்தித் தட்டோடு ஐந்தாறு பெண்கள். ஏழுமலை ஸ்டீயரிங்கைச் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தான். கார் போய் வாசல் வாழைமரத்தில் சாய்ந்தது. வாழைமரம் உங்கள் இரண்டு பேர் பெயர் போட்ட பேனர் மேல் சாய்ந்தது, பேனர் சந்தனத் தட்டு வைத்திருந்த மேஜை மேல் சாய்ந்தது. தவில்காரர் தவிலோடு ஒரு குதி குதித்தார் பார், அந்த வயதில் அவ்வளவு உயரம் குதிக்க முடியும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஓர் ஆளுக்கும் ஒரு கீறல் இல்லை. உன் பெரியத்தைக்கு மட்டும் தலை முழுக்கப் பன்னீர். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கடவுள் மன்னிக்கட்டும்.

நீ காரிலிருந்து இறங்கினாய். பூமாலையில் வாழைச்சாறு. “யோவ் மச்சான், பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதா? உன்னை நம்பியா டெய்லி அவ்ளோ பேரு வேன்ல ஏர்றாங்க?” என்று இரண்டு சம்பந்தி வீட்டார் முன்னால் கேட்டாய். அவன் முகம் சுண்டிப்போனது. பானெட் மேல் கிடந்த வாழையிலையைக் கையால் தள்ளிவிட்டு, “பரவால்ல, நேரமாவுது, உள்ள வாங்க மாப்ள” என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘நான்தான் எண்ணெய் தடவினேன்’ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் உன் பெரியத்தை பன்னீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்த வார்த்தையை முழுங்கிவிட்டேன். மறுநாள் முகூர்த்தத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் கழுவிவிடலாம் என்று விடியற்காலையில் போனேன். டிக்கியில் கிளீனர் டப்பா காலி. குனிந்து டிஸ்க்கை என் முந்தானையால் துடைத்துப் பார்த்தேன், ஒரு பிசுக்கு இல்லை. யாரோ சுத்தமாகக் கழுவியிருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்களே என்ற பயம். தாலி கட்டி முடித்துச் சாயங்காலம் நீ ஓட்டினாய், பிரேக் கும்மென்று பிடித்தது. “பாத்தியாம்மா, வண்டில ஒரு கொறையும் இல்ல, ஓட்டினவன்தான் கொறை” என்றாய். நான் தலையாட்டினேன். கண்ணா, என் ஆயுசில் நான் செய்த அசிங்கமான காரியம் எண்ணெய் தடவியது இல்லை, அந்தத் தலையாட்டல்தான்.

அந்த ஒரு தலையாட்டலுக்கு அவன் கொடுத்த விலையைக் கேள். சொந்தத்தில் அவனுக்கு ‘வாழைமரம்’ என்று பேர் வைத்தார்கள். எந்த விசேஷத்துக்கு வந்தாலும், “ஏழுமலை வரான், மரத்தெல்லாம் தள்ளிக் கட்டுங்கப்பா” என்பார்கள், நீயும் சேர்ந்து சிரிப்பாய். அவனும் சிரிப்பான். அது விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று, லீவு போட்டுவிட்டு, வேனைக் கழுவி, உள்ளே புதுத் துண்டு விரித்து, ஏசியைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தான். நீ அவனைத் தாண்டிப் போய் டாக்சி பிடித்தாய். “கொழந்தை விஷயத்துல ரிஸ்க் எடுக்க முடியாது மச்சான்” என்றாய். அவன் டாக்சிக்குப் பின்னாலேயே காலி வேனை ஓட்டிக்கொண்டு முகப்பேர் வரைக்கும் வந்தான். நான் டாக்சியின் பின் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்போதும் சொல்லவில்லை. அதற்கு எந்தச் சாக்கும் சொல்ல மாட்டேன், கோழைத்தனம், அவ்வளவுதான்.

போன வாரம் ஷெட்டுக்கு ஒரு பையன் வந்தான். பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது, சீவிக் கொடுங்கள் என்று ஒரே பிடிவாதம். கழற்றி, கோணல் அளக்கிற டயலை வைத்துப் பார்த்தேன். டிஸ்க்கில் ஒரு கோணலும் இல்லை. அது உட்காருகிற இடத்தில், அச்சின் முகத்தில், நகக்கண் அளவு துரு. அந்தத் துருவினால் மொத்தத் தட்டும் சாய்ந்து சுற்றியிருக்கிறது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே மாட்டிக் கொடுத்தேன், உதறல் நின்றுவிட்டது. “ஆன்ட்டி, சீவவே இல்லையே?” என்று கேட்டான். “நல்லதைச் சீவினா தேஞ்சுதான்டா போகும், கெட்டது எங்கேன்னு பாத்து அதை எடுக்கணும்” என்றேன். அவன் போன பிறகு பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று மத்தியானம்தான் நந்தினியின் போன் வந்தது. அதற்குமேல் எனக்கு லேத் ஓடவில்லை. ஷெட்டைப் பூட்டிவிட்டு, கை கழுவக்கூடத் தோன்றாமல் பூந்தமல்லி பஸ் ஏறினேன்.

ஏழுமலை ஷிஃப்ட் முடித்து வந்து வீட்டு வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். “வாங்க அத்த, இன்னா திடீர்னு வந்துகீறீங்க? ஒரு போன் பண்ணா நானே வந்து இட்டாந்திருப்பேனே” என்று நாற்காலியை எடுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி வேறு பேச்சு பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கே என்னைத் தெரியும். “ஏழுமலை, அன்னிக்கு பிரேக்குல எண்ணெய் தடவினது நான்தான்பா” என்றேன். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. “தெரியும் அத்த” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்படா தெரியும்?” என்றேன். “அன்னிக்கே தெரியும். எல்லாம் தூங்கினப்புறம் வீல கயட்டிப் பாத்தேன். கையில வயவயன்னு எண்ண. உங்க ஷெட்ல வருமே, அதே வாசன. டிக்கில உங்க டப்பா இருந்திச்சி, நாலு டிஸ்க்கையும் கயுவி, பேடையும் தேச்சி மாட்டிட்டேன். மறுநாள் மாப்ள தங்கச்சிய வெச்சிகினு ஓட்டுவாரே, சும்மா வுட முடியுமா?”

“அப்போ ஏன்டா சொல்லல? அத்தனை பேரு உன்னை ஏசினாங்களே!” என்று நான்தான் கத்தினேன், என்னவோ அவன் தப்பு செய்தது போல. அவன் துணியைப் பிழிந்து வேன் கதவில் காயப்போட்டான். “சொல்லிட்டு? மாப்ளயோட அம்மா தப்பு பண்ணிட்டாங்கன்னு மண்டபத்துல நான் வாயத் தொறந்தா, இன்னா ஆவும்? என் தங்கச்சி மறுநாள்லேந்து உங்க ஊட்லதான அத்த வாயணும்? எனக்கு இன்னா, நாலு பேரு கிண்டல் பண்ணுவான், சிரிச்சினு போயிடலாம்.” வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, “வண்டிய எடுக்கும்போதே மாப்ளகிட்ட சொன்னேன், பிரேக்கு வழுக்குதுன்னு. அது ஸ்போர்ட்ஸ் பேடு, சூடானாத்தான் புடிக்கும், உன் வேன் மாரி இல்லன்னாரு. அவரும் தப்பாச் சொல்லல, அந்த மாரி பேடு அப்டித்தானாமே” என்றான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவன், உனக்காக வக்காலத்து வாங்கினான். உண்மையா இல்லையா கண்ணா? அவன் உன்னிடம் சொன்னானா இல்லையா? என் பங்குக்கு எண்ணெய், உன் பங்குக்கு அரைகுறைப் படிப்பு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த காரியத்தை அவன் ஒருத்தன் தலையில் கட்டினோம்.

பிறகு உள்ளே போய் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்து காட்டினான். ஒரு ஜோடிக் கம்மல், மிளகு அளவு சிவப்புக் கல் வைத்தது. கூடவே அரக்குக் கலரில் ஒரு முழ நீளப் பட்டுப்பாவாடை. “கொயந்த பொறந்த வாரமே வாங்கிட்டேன் அத்த. மாப்ள கூப்டலன்னா பரவால்ல, நீங்களே எடுத்துனு போயி போட்டுடுங்க. மாமன் வாங்கினதுன்னு பாப்பாக்கு மட்டும் பெரிசானப்புறம் சொல்லுங்க” என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் கல்யாணத்தில் அழாதவள், உன் அப்பா ஆபரேஷன் அறைக்குள் போனபோது அழாதவள், கிரீஸ் கையோடு நடுத்தெருவில் நின்று அழுதேன். கம்மலை வாங்கிக்கொள்ள மாட்டேன், நீயே கொண்டுவந்து போடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்யப் போகிறேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து திடுக்கிடாதே. மாங்காட்டில் எல்லோரும் கூடியதும், உன் பெரியத்தை உள்பட அத்தனை பேர் முன்னாலும், அன்று பிரேக்கைக் கெடுத்தவள் நான், தவில்காரரைக் காப்பாற்றியவன் ஏழுமலை என்று சத்தமாகச் சொல்லப் போகிறேன். சிரிக்கட்டும். இனிமேல் வாழைமரம் என்று என்னைக் கூப்பிடட்டும், எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நான் அதைச் சொல்லும்போது அவன் அங்கே அழைக்கப்பட்ட மாமனாக முன்வரிசையில் இருக்க வேண்டும். அதை நான் செய்ய முடியாது, நீ மட்டும்தான் செய்ய முடியும். நாளைக்கு நந்தினியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு, தட்டோடு பூந்தமல்லிக்குப் போ. திரும்பும்போது அவன் வேனிலேயே குழந்தையோடு ஏறி வா. மன்னிப்பு கேட்க உனக்கு வராது, அது என் ரத்தம். கேட்க வேண்டாம். “மச்சான், நீங்க வந்து மடில வெச்சுக்கணும்” என்று வாயைத் திறந்து சொன்னால் போதும், மிச்சத்தை அவன் புரிந்துகொள்வான்.

அன்று நான் பஸ் ஏறப் போகும்போது அவன் ஓடிவந்து என்னிடம் ஒரே ஒரு சத்தியம் கேட்டான். “மாப்ளகிட்ட மட்டும் இத்தச் சொல்லாதீங்க அத்த. அம்மான்னா அவருக்கு உசுரு, உங்க மேல வெச்சிருக்கிற மரியாத போயிடும்” என்றான். சரி என்று அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது உனக்கு எல்லாவற்றையும் எழுதி அந்தச் சத்தியத்தையும் உடைத்துவிட்டேன். என் மரியாதை போனால் போகட்டும்டா. உன் மகள் அவள் மாமன் மடியில் உட்கார வேண்டும்.